ஒரு சென்ட் புல்லுக்கு ஆயிரம் லிட்டர்

கார்த்திகையில் குடிபுகும்போது அந்தப் புல்தரை கண்ணைப் பறிக்கும். லாரியில் வந்து இறங்கிய பச்சைத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். பொங்கலுக்குக் குழந்தைகள் அதில் உருண்டு விளையாடுவார்கள். பங்குனியில் ஓரங்கள் வெளுக்கும். அக்னி நட்சத்திரம் தொடங்குகிறபோது நடுவிலும் வட்டம் வட்டமாகச் சொட்டை விழுந்திருக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “தோட்டக்காரர் சரியாத் தண்ணி விடுறதில்லை” என்பார். அவர் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் குழாயும் கையுமாக நிற்பதைக் கூட்டத்தில் இருக்கிற எல்லோரும் பார்த்தவர்கள்தான். ஆவணியில் மறுபடி லாரி வரும். அதே புல், அதே அடுக்கல், அதே சாயங்காலக் குழாய்.

சென்னை, வேலூர், திருச்சி, மதுரை என எந்த ஊரின் புதிய அடுக்ககத்துக்கும் இந்தக் கதை பொருந்தும். பழியை வெயில்மேல் போடுவது சுலபம். ஆனால், 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் அடித்த வெயிலாலும் வரப்போரத்து அருகம்புல்லை ஒழிக்க முடியவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றாத புல் பிழைக்கிறது, தினமும் ஊற்றுகிற புல் சாகிறது என்றால், பிழை நம் வளர்ப்பு முறையில் இருக்கிறது.

அந்த முறை நம்முடையதல்ல. மட்டமாக வெட்டிய பச்சைப் புல்தரை என்ற ஆசையே இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆண்டு முழுக்கத் தூறல் போடும் நாடு அது. அங்கே ஸ்ட்ரவுட் என்ற ஊரில், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்த எட்வின் பட்டிங், இதைத் தரையில் உருட்டினால் புல்லைச் சீவலாமே என்று யோசித்து 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அரிவாள் பிடிக்க ஆள்பலம் உள்ள பிரபுக்களுக்கு மட்டும் வாய்த்த புல்தரை, பிறகு நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. அங்கிருந்து கப்பலேறி நம்மூர் கிளப்புகளுக்கும் கலெக்டர் பங்களாக்களுக்கும் வந்து சேர்ந்தது. கூடவே அந்த ஊர்க் கையேடும் வந்தது: ஒட்ட வெட்டு, தினம் நனை, எப்போதும் பச்சையாக வை.

குளிர்தேசத்துப் புற்களுக்கு 15 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பம்தான் இதம். அதற்கு மேல் வெயில் ஏறினால், வெளிச்சத்தில் சேர்த்துவைத்த உணவில் ஒரு பங்கை அவை வீணாகச் செலவழித்துவிடும். கரும்பு, சோளம், கம்பு, அருகு ஆகியவை வேறு சாதி. கரியமில வாயுவை இலைக்குள்ளேயே ஓரிடத்தில் செறிவாக்கிப் பயன்படுத்தும் உத்தி அவற்றுக்கு இருக்கிறது. அதனால் இலைத்துளைகளைப் பாதி மூடிக்கொண்டே வேலை பார்க்கும். குறைந்த தண்ணீரில் அதிகம் வளரும். 27 முதல் 35 டிகிரி வரை அவற்றுக்குக் கொண்டாட்டம். கரும்புக்கும் அருகுக்கும் இருக்கிற இந்தப் பங்காளி உறவைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அருகை நாம் அறியாதவர்கள் அல்ல. பிள்ளையாருக்கு மாலையாகச் சாத்துகிறோம். மணமக்களை வாழ்த்தும்போது ஆலோடு அருகையும் சேர்த்துச் சொல்கிறோம். காலையில் அதன் சாற்றைக் குடிப்பவர்களும் உண்டு. நிலத்தில் இறங்கிவிட்டால் மட்டும் அது களை. உழவர் அதைத் திட்டுவதில் நியாயமும் இருக்கிறது: மண்ணுக்கு மேலே ஒரு தண்டு ஓடும், மண்ணுக்குள்ளே இன்னொரு தண்டு ஓடும். மேலே உள்ளதை வெட்டினால் கீழே உள்ளது முளைக்கும். கீழே உள்ளதைக் கொத்தினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புது அருகாகும். பயிர்க்காரருக்கு எது சாபமோ அதுவே புல்தரைக்காரருக்கு வரம். சொட்டை விழுந்தால் தானாக மூடிக்கொள்ளும் புல் வேறு எதுவாக இருக்க முடியும்?

உலகம் இதை முன்பே கண்டுகொண்டது. ஆங்கிலத்தில் இதற்கு பெர்முடா புல் என்று பெயர். பெர்முடா தீவுக்கும் இதன் பிறப்புக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பருத்தி விவசாயிகளும் நம் உழவர்களைப் போலவே இதைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாநிலத்தின் டிஃப்டன் நகர ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கிளென் பர்ட்டன் என்ற பயிர் அறிவியலாளர் அருகைத் தீவனமாகவும் தரைப்புல்லாகவும் மாற்றும் வேலையில் இறங்கினார். நம் அருகோடு தென்னாப்பிரிக்காவின் மெல்லிலை அருகைக் கலந்து உருவான ‘டிஃப்வே 419’ என்ற ரகம் 1960இல் வெளியானது. விதை வைக்காத கலப்பினம் அது. தண்டை நறுக்கி நட்டால்தான் உண்டு. வெயில் நாடுகளின் விளையாட்டு மைதானங்களிலும் கோல்ஃப் திடல்களிலும் அது பரவியது.

அதே பர்ட்டனுக்கு நம் நாட்டோடு வேறொரு தொடர்பும் இருக்கிறது. அவர் உருவாக்கிய ‘டிஃப்ட் 23ஏ’ என்ற கம்பு வழியைத் தாயாக வைத்துத்தான் லூதியானாவில் டி.எஸ்.அத்வால் இந்தியாவின் முதல் வீரியக் கம்பான ஹெச்.பி.1-ஐ உருவாக்கினார். 1965இல் அது வயலுக்கு வந்தது. கம்பையும் அருகையும் ஒரே கண்ணால் பார்த்த மனிதர் பர்ட்டன்; நாம் ஒன்றைப் பயிர் என்றும் மற்றதைக் களை என்றும் பிரித்துவைத்திருக்கிறோம்.

நாட்டுக்குள்ளேயே சான்று வேண்டுமென்றால் டெல்லி இருக்கிறது. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தை, 2023 முதல் அமிர்த உத்யான் என்று அழைக்கப்படும் முன்னாள் முகலாயத் தோட்டத்தை, வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ்; 1928–29இல் செடிகொடி நட்டவர் வில்லியம் மஸ்டோ. இருவருமே ஆங்கிலேயர்கள். ஆனால், பிரதான புல்தரைக்கு அவர்கள் போட்டது இங்கிலாந்துப் புல் அல்ல. கல்கத்தாவின் பெல்வெடியர் தோட்டத்திலிருந்து வரவழைத்த ‘தூப்’, அதாவது அருகு. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் புல் முழுவதையும் எடுத்துவிட்டுப் புது மேல்மண் பரப்புகிறார்கள். மூன்றே வாரத்தில் அது திரும்பி மூடிக்கொள்கிறது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நர்சரிகளில் இப்போது அதிகம் விற்பது கொரியன் புல். அதைக் குறைசொல்வதற்கில்லை, அதுவும் வெயில் சாதிதான். பார்க்க மெத்தென்று இருக்கும். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் அடிக்கடி வெட்ட வேண்டாம். அதே காரணத்தால் சொட்டை விழுந்தால் மூட மாதக்கணக்காகும். குழந்தைகள் பந்து விளையாடும் இடத்துக்கு அது ஆகாது. உண்மையான கோளாறு புல் துண்டுக்குக் கீழே கிடக்கிறது. கட்டுமானம் முடிந்த இடத்தில் ஜல்லியும் சிமென்ட் கசடும் உடைந்த டைல்ஸும் அள்ளப்படாமல் கிடக்க, அதன்மேல் இரண்டு விரல்கடை செம்மண்ணைத் தூவிப் புல்லை விரித்துவிடுகிறார்கள். பல அடுக்ககங்களில் புல்தரை நிற்பது பூமியிலேயே அல்ல. கார் நிறுத்துமிடத்தின் கான்கிரீட் கூரைமேல். கீழிருந்து கான்கிரீட் சுட, மேலிருந்து சூரியன் சுட, நடுவே அரை அடி மண்ணில் வேர் எங்கே போகும்?

நல்ல புல்தரையின் வேலையில் முக்கால் பங்கு புல் வருவதற்கு முன்பே நடந்துவிட வேண்டும். குறைந்தது ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திக் கல்லையும் கசடையும் பொறுக்க வேண்டும். களிமண் என்றால் மணலும் மக்கிய தொழுவுரமும், மணல் என்றால் கூடுதலாகத் தொழுவுரமும் சேர்க்க வேண்டும். மக்காத எருவில் கோரைக் கிழங்கும் வேர்ப்புழுவும் இலவச இணைப்பாக வரும். கோரைதான் புல்தரையின் முதல் எதிரி. கிழங்கோடு எடுக்காவிட்டால் எடுத்ததாகவே கணக்கில்லை. பழைய தோட்டக்காரர்களின் உத்தி எளிமையானது: தரையைச் சமன்செய்து தண்ணீர் பாய்ச்சிக் காத்திருப்பார்கள். களை முளைக்கும். கிழங்கோடு தோண்டி எடுப்பார்கள். இன்னொரு முறை, மூன்றாவது முறை. பொறுமை இல்லாதவர்கள் அந்த ஒரு மாதத்தை மிச்சம்பிடித்துப் பிறகு ஐந்து ஆண்டுகள் கோரை பிடுங்குகிறார்கள்.

நடுவதற்கு லாரிப் புல் கட்டாயமில்லை. அருகுத் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, அரை அடி இடைவெளியில் ஊன்றினால் இரண்டு மூன்று மாதத்தில் தரை மூடும். நறுக்கிய புல்லைச் சாணமும் மண்ணும் கலந்த குழம்பில் பிசைந்து, ஈரமான தரையில் பூசிவிடுவது நம்மூர்த் தோட்டக்கலையில் உள்ள இன்னொரு வழி. செலவும் குறைவு. பருவம் மட்டும் பார்க்க வேண்டும். விதைப்புக்குச் சொன்ன ஆடிப் பட்டம் புல்லுக்கும் பொருந்தும்: ஆடி, ஆவணியில் நட்டது ஐப்பசி மழைக்குள் வேர்பிடித்திருக்கும். கட்டுநர்களின் காலண்டரோ கிரகப்பிரவேசத் தேதியைப் பார்த்து ஓடுகிறது.

அடுத்தது தண்ணீர். பெரும்பாலான புல்தரைகள் இங்கேதான் கெடுகின்றன. கூடுதலாக ஊற்றியும் கெடுகின்றன, குறைவாக ஊற்றியும் கெடுகின்றன, இரண்டும் ஒரே தரையில் நடப்பதும் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் குழாயை ஒரு சென்ட் புல்தரையில் ஐந்து நிமிடம் பிடித்தால் 75 லிட்டர் இறங்கும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, தரையில் நிற்கும் தண்ணீரின் உயரம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. மேல்மண் கறுக்கும், பார்ப்பவருக்குக் குளிரும், வேருக்கு ஒன்றும் போய்ச்சேராது. தினமும் மேலே மட்டும் ஈரம் கிடைத்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். ஒருநாள் மோட்டார் பழுதானால் போதும், கதை முடிந்தது. சாயங்காலம் நனைத்த இலை ராத்திரி முழுக்க ஈரமாகவே கிடப்பதால் பூஞ்சணமும் குடியேறும். வட்டச் சொட்டைகளில் ஒரு பங்கு அதன் கைவரிசை.

கோடையில் வேர்பிடித்த புல்தரைக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் தண்ணீர் போதும். ஒரு சென்ட்டுக்கு ஆயிரம் லிட்டர். அதை ஏழாகப் பங்கு போடாமல் இரண்டாகப் பிரித்து, விடிகாலையில் கொடுக்க வேண்டும். மணற்பாங்கான மண்ணில் இது அரை அடி வரை இறங்கும்; கடற்கரை மணல் என்றால் மூன்றாகப் பிரிக்கலாம். களிமண்ணில் தண்ணீர் வழிந்து ஓடத் தொடங்கினால் நிறுத்தி, அரை மணி நேரம் கழித்துத் தொடர வேண்டும். போதுமா என்று அறிய கருவி எதுவும் வேண்டாம். நேரான விளிம்புள்ள டப்பாக்கள் நான்கைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் விட்டால், எங்கே எவ்வளவு விழுகிறது என்று அவையே சொல்லும். நீளமான திருப்புளி சிரமமில்லாமல் அரை அடி இறங்கினால் ஈரம் இருக்கிறது. நடந்துபோன பிறகு கால் தடத்தில் புல் நிமிராமல் படுத்தே கிடந்தால், நிறம் லேசாகச் சாம்பல் தட்டினால், அன்றைக்குத் தண்ணீர் கேட்கிறது.

வெட்டுவதில் ஒட்ட வெட்டும் பழக்கம் கிரிக்கெட் மைதானத்தைப் பார்த்து வந்தது. அங்கே உருளையும் உரமும் முழுநேர ஆட்களும் உண்டு. வீட்டு அருகை மூன்று, நான்கு சென்டிமீட்டர் விடலாம். கோடையில் இன்னும் சற்று உயர்த்தலாம். இலை உயரமாக இருந்தால் வேர் ஆழமாக இருக்கும், மண்ணும் நிழலில் இருக்கும். ஒருமுறை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி மறுநாள் வெளுக்கும், அதற்கும் தண்ணீர்தான் பழி சுமக்கும். வெட்டிய துணுக்குகள் சிறியவையாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும்; அதுவே உரம். யூரியாவை உச்சி வெயிலில் வீசுவது தற்கொலைக்குச் சமம் (புல்லின் தற்கொலைக்கு). கோடை மழைக்குப் பிறகு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு என்று உரத்துக்கு நேரம் இருக்கிறது. கொங்குப் பகுதியின் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசலில் உரம் போட்டும் புல் மஞ்சளித்தால் அது இரும்புக் குறையாக இருக்கலாம். ஃபெரஸ் சல்பேட் தெளித்தால் பச்சை திரும்பும்.

சில இடங்களில் புல் வேண்டாம். அருகுக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மாமரத்தடியில் எந்தப் புல்லைப் போட்டாலும் அது வாடகைக்கு வந்த புல்தான். அகல இலையுள்ள பஃபலோ புல் ஓரளவு நிழல் தாங்கும். அதுவும் முடியாத இடத்தில் சருகைப் பரப்பிவிட்டு ஒரு பெஞ்சு போடுவது மேல். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிவிட்ட கடலோர மனைகளுக்கு பாஸ்பேலம் என்ற உவர்தாங்கும் புல் இருக்கிறது. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு கத்தார் தன் மைதானங்களில் விரித்தது அதன் ஒரு ரகத்தைத்தான்.

எப்போதும் பச்சை என்ற கனவுக்கு உலகப் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு: ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் அகஸ்டா திடல். பர்ட்டனின் அதே ஜார்ஜியா. தொலைக்காட்சியில் மின்னுகிற அந்தப் பச்சை, இலையுதிர் காலத்தில் மேலே விதைத்த குளிர்காலப் புல். அதன் அடியில் பெர்முடா குளிருக்கு உறங்கிக்கொண்டிருக்கும். கோடை முழுக்க அந்த கிளப் மூடிக் கிடக்கும். அவ்வளவு பணம் உள்ளவர்களே ஆண்டு முழுக்க ஒரே பச்சையைக் காட்டுவதில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்லாமல் விட முடியாது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். ஊரே திரண்டு பார்த்த அந்தத் தண்ணீர், சென்ட்டுக்கு ஆயிரம் என்ற கணக்கில், 25 ஏக்கர் புல்தரைக்கு ஒரு வாரத்துக்குத்தான் வரும். சரியாக வளர்த்தாலும் புல்தரை தண்ணீர் குடிக்கும்; அதனால் எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது ரசனைக்கு மட்டும் உட்பட்ட விஷயம் ஆகாது.

பாலைவன நகரமான லாஸ் வேகாஸ் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நெவாடா மாநிலம் 2021இல் நிறைவேற்றிய சட்டப்படி, அந்தப் பகுதியில் பயன்படாப் புல்லுக்கு 2026க்குப் பிறகு கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது. சாலை நடுத்திட்டு, அலுவலக முகப்பு என்று, வெட்டுகிறவரைத் தவிர யாரும் கால்வைக்காத புல்தான் அதன் இலக்கு. தனி வீடுகளையும் பள்ளி மைதானங்களையும் பூங்காக்களையும் விட்டுவிட்டார்கள். ஒரு சதுர அடிப் புல்லை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைத்தால் ஆண்டுக்கு 55 காலன், அதாவது சுமார் 208 லிட்டர் மிச்சம் என்பது அங்குள்ள தண்ணீர் ஆணையத்தின் கணக்கு.

அந்தப் பாகுபாடு நமக்கும் பொருந்தும். குழந்தை விழுந்து எழும் ஒரு சென்ட் புல்லுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். நுழைவாயில் பெயர்ப்பலகைக்குக் கீழே “புல்லின் மேல் நடக்காதீர்கள்” என்ற அட்டையோடு கிடக்கும் கால் ஏக்கருக்கு எதற்கு? பெரிய அடுக்ககங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. புல்தரைக்கு அந்தத் தண்ணீர் போதும். லாரித் தண்ணீர் வாங்கிப் புல்லுக்கு ஊற்றும் சங்கங்கள் இந்த ஒன்றையாவது உடனே நிறுத்த வேண்டும். தண்ணீரே வேண்டாமென்று பிளாஸ்டிக் புல்லுக்குத் தாவுவதும் தீர்வாகாது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் அளந்தபோது, 37 டிகிரி நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை போனது. நம் சித்திரைக்கு அதன்மேல் வெறுங்காலோடு ஒரு குழந்தையை இறக்கிவிட முடியாது.

அப்படியானால், தண்ணீர் இல்லாத கோடையில் புல்லை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். வேர்பிடித்த அருகு காய்ந்து பழுப்பாகும்; அதை யாரும் பிடுங்கிவிடாமல், வண்டி ஏற்றாமல், ஒட்ட வெட்டாமல் இருந்தால் போதும். மண்ணுக்குள் ஓடும் தண்டு உயிரோடுதான் இருக்கும். ஒரு நல்ல கோடை மழை விழுந்தால் சில நாட்களில் பச்சை எட்டிப் பார்க்கும்.